தகவல் துளி: கடல் கடந்த ஆட்டம்

2009 ஏப்ரல், மே. நாடாளுமன்றத் தேர்தல் நேரம். பாதுகாப்புக்குப் போதிய போலீஸ் கிடைக்காது என்பதால் ஐபிஎல் கிரிக்கெட் முழுவதையும் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். ஏற்பாடு செய்ய ஒரு மாதம்கூட இல்லை! சேப்பாக்கத்தில் ஆட வேண்டிய சென்னை அணி கேப் டவுனிலும் டர்பனிலும் ஆடியது.

ஆனால் திண்டுக்கல்லில் டி.வி. முன்னால் உட்கார்ந்த ரசிகர் தூக்கம் கெடவில்லை. தென்னாப்பிரிக்க நேரம் நமக்கு மூன்றரை மணி பின்னால். இங்கே இரவு 8 மணிக்குப் பார்த்த ஆட்டம் அங்கே மாலை 4.30-க்குத் தொடங்கியது. மைதானம்தான் அவர்களுடையது, கடிகாரம் நம்முடையது. விளம்பரக் காசு இங்கிருந்துதானே போகிறது!

அமெரிக்கக் கால்பந்து ரசிகருக்கு அந்த யோகம் இல்லை. அவர்களுடைய என்.எஃப்.எல். லீக் போட்டிகளில் சில 2007 முதல் லண்டனிலும் நடக்கின்றன. லண்டனில் மதியம் 2.30 என்றால் நியூயார்க்கில் காலை 9.30, கலிஃபோர்னியாவில் காலை 6.30. அங்குள்ள ரசிகர் காபி டம்ளரோடுதான் டி.வி. முன்னால் உட்கார வேண்டும்.

மறுபடி 2009-க்கு வருவோம். சுழற்பந்து வீச்சாளர் அஸ்வின் ஐபிஎல்லில் முதன்முதலாக ஆடியதும் அந்தத் தென்னாப்பிரிக்கத் தொடரில்தான். 2024-இல் அவர் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் அணி தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) கோப்பையை வென்றது. டிஎன்பிஎல் ஆட்டங்கள் நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்திலும் நடக்கின்றன. அவற்றைப் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் போதும்.