வலைக்குக் கட்டும் ஈயமும் முற்றத்தில் சேரும் நஞ்சும்

வெல்லாவெளியைச் சுற்றியுள்ள குளங்களிலும் பட்டிருப்புப் பக்கத்து வாவியிலும் வீச்சுவலை எறிபவர்களுக்கு ஈயத்தின் அருமை தெரியும். வலை வட்டமாக விரிந்தால் மட்டும் போதாது. மீன் சுதாரிப்பதற்குள் விளிம்பு நிலத்தைத் தொட வேண்டும். பாரம் குறைந்தால் மீன் கீழால் நழுவிவிடும். கூடினால் விளிம்பு சேற்றில் புதையும், கட்டைகளில் சிக்கும், எறிபவரின் தோளும் நாலைந்து வீச்சிலேயே ஓய்ந்துபோகும்.

ஏன் ஈயம்? தண்ணீருக்குள் எந்தப் பொருளும், தான் விலக்கும் தண்ணீரின் அளவுக்குப் பாரம் இழக்கும். 100 கிராம் கருங்கல் தண்ணீரில் சுமார் 62 கிராமாகக் குறையும். சுட்ட மண் குண்டென்றால் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். ஈயமோ 91 கிராமாக நிற்கும். சிறிய மணியாக இருப்பதால் வலைக்கண்ணிலும் மாட்டாது. குளிர்நாட்டு ஓடைகளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் செயற்கைப் பூச்சித் தூண்டிலை அடியில் இறக்க, கொளுக்கியில் ஈயக்கம்பி சுற்றியதும் இதற்காகவே.

ஈயம் 327 பாகை செல்சியஸில் உருகும், விறகடுப்பே போதும். வில்லங்கம் அங்கேதான். செனகல் நாட்டின் தலைநகர் டாக்கருக்கு அருகே தியாரோய் சூர் மேர் என்ற மீனவர் குடியிருப்பு இருக்கிறது. பழைய வாகன பற்றரிகளை உடைத்து வலைக்கு ஈயம் வார்ப்பது அங்கே நெடுநாள் கைத்தொழில். பிறகு ஈயத்துக்கு விலை ஏறியதும், ஈயம் கலந்த மண்ணையே ஊரார் கிளறிச் சலித்து விற்றார்கள். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 பிள்ளைகள் இறந்துபோனார்கள்.

உருக்கும்போது வரும் புகையும், மேலே மிதக்கும் கசடும், பற்றரித் தூளும் முற்றத்து மண்ணில் தங்கிவிடும். மண்ணில் விளையாடும் பிள்ளையின் கை வாய்க்குப் போகும். வயிற்றுக்குள் போன ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகப் பிள்ளையின் உடல் உறிஞ்சும். பாதிக்கப்படுவது மூளை. இந்த அளவு ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை நன்றாக ஓடியாடித் திரியலாம். இரத்தத்தைப் பரிசோதித்தால்தான் தெரியும். காணிக்குள் கிடக்கும் பழைய ரவைகளில் இருந்து ஈயம் எடுக்க நினைப்பவர்களுக்கு ஒரே பதில்: தொடாதீர்கள், பொலிஸாருக்குச் சொல்லுங்கள்.

பிரித்தானியாவில் தூண்டிலின் சிறு ஈயக்குண்டுகளை விழுங்கி அன்னங்கள் செத்ததால், 1987 இல் அவற்றின் விற்பனையைத் தடுத்தார்கள். நமக்கு அருகிலுள்ள மாற்று இரும்புதான். தண்ணீருக்குள் 100 கிராம் இரும்பு 87 கிராம் நிற்கும்; ஈயத்துக்கு அவ்வளவு பின்னால் இல்லை. மணி ஒன்றரை மடங்கு பருக்கும். வாவியின் உப்புத் தண்ணீரில் துருவும் பிடிக்கும், துரு நைலோன் நூலை அறுக்கும். ஆகவே நாகம் பூசிய மெல்லிய சங்கிலி நல்லது. ஈயமே வேண்டும் என்பவர்கள் வார்த்த மணியைக் கடையில் வாங்கலாம். அதைப் பல்லால் கடித்து இறுக்காமல் குறட்டால் இறுக்குங்கள். வலை பொத்திய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் வையுங்கள்.