மலையிறங்கும் மணிச்சத்து

மேலுள்ளவை கீழே இறங்குவதற்கென்றே அமைந்த ஊர் குரங்கணி. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேசன் முகட்டிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இங்கே வந்திறங்கிப் போடிநாயக்கனூருக்குப் போனது. கம்பிவடம் மறைந்துவிட்டது, ஏலமும் காப்பியும் மிளகும் இன்றும் இறங்குகின்றன. மழை இறங்குகிறது, மழையோடு மண் இறங்குகிறது, மண்ணைப் பற்றிக்கொண்டு மணிச்சத்தான பாசுபரசும் இறங்குகிறது. நீர் முகிலாகி மறுபடியும் மலையேறும். தழைச்சத்தான நைதரசன் காற்றிலேயே நிறைந்திருக்கிறது. பாசுபரசுக்கு அத்தகைய காற்றுவழி இல்லை. தூசியாகவும் பறவை எச்சமாகவும் திரும்புவது மிகச் சிறிது. மற்றதை மனிதன்தான் சுமந்து ஏற்ற வேண்டும்.

1669இல் செருமனியின் ஆம்பர்கு நகரத்தில், சிறுநீரைக் காய்ச்சிப் பொன் எடுக்க முயன்ற என்னிங் பிராண்டு, பொன்னுக்கு மாறாக இருளில் ஒளிரும் ஒரு பொருளைக் கண்டார். அதுவே பாசுபரசு; அணு எண் 15. வளர்ந்த மனிதர் உடலில் அது ஏறத்தாழ 700 கிராம் இருக்கிறது. அதில் 85 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் உறைந்துகிடக்கிறது. எஞ்சிய சிறுபகுதிதான் அருஞ்செயல்களைப் புரிகிறது: மரபிழையின் முதுகெலும்பாய் நிற்கிறது, உயிரணுவின் ஆற்றலைக் கைமாற்றுகிறது. ஏலச்செடியின் வேர்நுனியிலும் நடப்பது இதேதான்.

இனி ஒரு கணக்கு. மானாவாரி ஏலத் தோட்டத்துக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 75 கிலோ மணிச்சத்து என்பது வழக்கமான பரிந்துரை. உரமூட்டையில் அச்சிடப்படும் மணிச்சத்து ஆக்சைடுக் கணக்கு; தனிப் பாசுபரசாகக் கண்டால் அது சுமார் 33 கிலோ. விளைச்சல் பக்கம் வருவோம். ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காயில் உள்ள பாசுபரசு 2 கிராமுக்கும் குறைவு. எக்டேருக்கு 500 கிலோ காய் எடுத்தாலும், போடி ஏல மையம் வழியே தோட்டத்தை விட்டு வெளியேறுவது 1 கிலோவை எட்டாது! இலையும் தட்டையும் தோட்டத்திலேயே விழுந்து மட்குகின்றன. செடி தன் உடல் வளர்க்க எடுப்பதை எவ்வளவு தாராளமாகக் கணக்கிட்டாலும், இட்டதில் பெரும்பங்கு மண்ணில் தங்குகிறது, அல்லது மண்ணோடு ஓடுகிறது. கேரளத்தில் 2010களில் நடந்த மாநிலந்தழுவிய மண் ஆய்வும் பெருவாரியான நிலங்களில் மணிச்சத்து மிகுந்து கிடப்பதையே காட்டியது.

மிகுந்து கிடந்தும் செடி ஏன் வாடுகிறது? மலைமண் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் பாசுபேட்டை இறுகப் பிணைத்துக்கொள்கின்றன. வேருக்கு எட்டியவாறு கிடந்தும் அது நீரில் கரைவதில்லை. கரைந்த துளியும் மண்ணுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் நகராது. ஆகவே வேர்தான் அதைத் தேடிச் செல்ல வேண்டும். ஏலத்துக்கோ மேல்மண்ணிலேயே படரும் ஆழமற்ற வேர். இக்குறையை வேர்ப்பூசணங்கள் ஈடுசெய்கின்றன. வேரினும் நுண்ணிய இழைகளை நீட்டி, மண் விட்டுக்கொடுக்காததை வாங்கி வந்து செடிக்குத் தருகின்றன. மணிச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி இந்தப் பூசண உறவைக் குறைத்துக்கொள்கிறது, துத்தநாகமும் எட்டாமற்போகிறது. மிகுதியே பற்றாக்குறையை விளைவிக்கும் விந்தை இது.

புளிப்பு மண்ணுக்கு ஒரு நன்மையும் உண்டு. இராசத்தானின் உதயப்பூர் அருகே சாமர்கோட்ராவில் வெட்டியெடுக்கும் பாறைப் பாசுபேட்டைத் தூளாக்கி அப்படியே இட்டால், அமிலம் அதை மெல்லக் கரைத்துக்கொள்கிறது. நாட்டின் முதல் சூப்பர் பாசுபேட்டு ஆலை 1906இல் நம் இராணிப்பேட்டையில் எழுந்தது. எனினும் இந்தியா இன்றும் இவ்வுரத்துக்குப் பெருமளவு அயல்நாட்டுப் பாறையையே நம்பியிருக்கிறது. உலகின் அறியப்பட்ட இருப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு மொராக்கோவின் பிடியில் உள்ளது. அங்கே தோண்டி, கப்பலேற்றி, இம்மலைக்குச் சுமந்துவந்து, ஒரு கோடைமழைக்குப் பறிகொடுப்பது என்ன பொருளியல்?

2018 மார்ச் 11இல் குரங்கணி மலையில் பரவிய தீ, மலையேறச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டவரின் உயிரைக் குடித்தது. அந்தத் துயரத்தின் முன் மண்ணைப் பற்றிப் பேசுவது சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் எந்தக் காட்டுத்தீயிலும் நைதரசன் புகையாய்ப் போகிறது, பாசுபரசோ பெரும்பாலும் சாம்பலில் தங்குகிறது. மூடிக்காக்கப் புல்லற்ற சரிவில் அடுத்த மழை அச்சாம்பலை அள்ளிக்கொண்டு ஓடும். இச்சரிவின் நீரெல்லாம் கொட்டகுடி ஆற்றில் சேர்ந்து வைகையை அடைகிறது. தேங்கிய நன்னீரில் பாசி கொழிப்பதைத் தடுத்துவைத்திருப்பது பெரும்பாலும் பாசுபரசின் பற்றாக்குறையே. அந்தத் தளை அவிழ்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் நீரை மூடும். அவை அழுகுகையில் மீனுக்கு உயிர்வளி கிட்டாது.

இதே தனிமம் வேறு உருக்களிலும் தோட்டத்துக்குள் நுழைகிறது. அழுகல் நோய்க்குத் தெளிக்கும் பொட்டாசியம் பாசுபோனேட்டில் பாசுபரசு உண்டு. ஆனால் செடிக்கு அது உணவாகாது, நோய்க்கிருமியைத்தான் அடக்கும். 2023இல் ஏலத்துக்குத் தடை செய்யப்படும்வரை இலைப்பேனுக்கு அடித்துவந்த குயினால்பாசும் பாசுபரசுச் சேர்மமே, நரம்பைத் தாக்கும் நஞ்சு. காயில் அதன் எச்சம் மிஞ்சினால் அயல்நாட்டுச் சந்தை கதவடைக்கும். முகமூடியும் கையுறையும் இன்றித் தெளிப்பவருக்கு நேரும் கேடோ எந்த ஏற்றுமதி ஆய்விலும் பதிவாவதில்லை. எனக்கு அதுவே பெரிய குறையாகப் படுகிறது.

உணவைப் பொறுத்தவரை நமக்குப் பாசுபரசுப் பஞ்சம் அரிது. பருப்பும் பாலும் மீனும் வேண்டியதைத் தந்துவிடும். சிறுநீரகம் தளர்ந்தோருக்குத்தான் மிகுதி பகையாகிறது: குருதியில் தேங்கி எலும்பை நலிவித்து, குருதிக்குழாய்ச் சுவரில் சுண்ணாம்பைப் படியவைக்கும். பாசுபேட்டு உப்புச் சேர்த்த பொதியுணவையும் கோலா பானங்களையும் அவர்கள் விலக்குவது நன்று.

ஏலத் தோட்டக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மணிச்சத்து மிகுந்த டி.ஏ.பி. உரத்தின் அடுத்த மூட்டையை வாங்குமுன் மண்ணை ஆய்வுக்குக் கொடுங்கள். மணிச்சத்து மிகுதி என்று முடிவு வந்தால், அவ்வாண்டு அதை நிறுத்தி, அந்தப் பணத்தில் சுண்ணாம்பும் துத்தநாகமும் வாங்குங்கள். தூரைச் சுற்றியுள்ள சருகை மட்டும் கூட்டித் தள்ளிவிடாதீர்கள்.