குறைந்த செலவில் வீட்டுக்குப் புது வண்ணம்

திட்டமிட்டுச் செலவிட்டால், ஓர் அறையின் தோற்றத்தை மாற்றப் பெருந்தொகை தேவையில்லை. ஆனால் வண்ணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் சுவரைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பண்டிகை நெருங்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் நாடெங்கும் உள்ள வழக்கம். தமிழகத்தில் பொங்கலுக்கு முன்பும், வடக்கிலும் மேற்கிலும் தீபாவளிக்கு முன்பும் ஏணியும் பிரஷுமாக வீடுகள் களைகட்டும். ஒரு காலத்தில் சுண்ணாம்பைத் தாழியில் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது நீலம் கலந்து, தென்னை மட்டையைத் தட்டிச் செய்த மட்டையால் வீட்டாரே அடித்து முடித்துவிடுவார்கள். செலவும் குறைவு, சுண்ணாம்பின் காரத்தன்மை பூஞ்சையையும் அண்டவிடாது. இன்று அடுக்ககங்களில் வாழும் நமக்கு அந்த எளிமை இல்லை. கடையில் நுழைந்தால் ஆயிரக்கணக்கான நிறங்கள். டிஸ்டெம்பர், எமல்ஷன், எனாமல் என்று பல வகைகள். ஒவ்வொன்றிலும் பல தரங்கள். எதை வாங்குவது, எவ்வளவு வாங்குவது, யாரை நம்புவது என்ற குழப்பத்தில்தான் பணம் வீணாகிறது.

இதை நாங்கள் அனுபவத்தில் கற்றோம்.

ஒரு மழைக்காலம் கற்பித்த பாடம்

எங்கள் வீடு மும்பையின் புறநகரில், பழைய அடுக்ககம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் உள்ளது. சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியை ஒட்டி வீடு முழுவதற்கும் வண்ணம் பூச முடிவு செய்தோம். படுக்கையறையின் மேற்குச் சுவரில், சன்னலுக்குக் கீழே, பழுப்புத் திட்டுகள் தெரிந்தன. "விலை உயர்ந்த எமல்ஷன் இரண்டு கோட் அடித்துவிட்டால் எல்லாம் மறைந்துவிடும்" என்றார் வேலைக்கு வந்தவர். நாங்களும் நம்பினோம். கையில் இருந்த பணம் போதாமல், மீதியைக் கடன் அட்டையில் செலுத்தினோம்.

தீபாவளிக்குச் சுவர் பளபளத்தது. அடுத்த சூலை மாத மழையில் அதே இடத்தில் வண்ணம் அப்பளம்போல் உப்பி, பிறகு உரிந்து தரையில் விழுந்தது. அட்டைக் கடனின் தவணை முடியும் முன்பே சுவர் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. இல்லாத வண்ணத்துக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

காரணம் எளியது. வெளிச்சுவரில் இருந்த வெடிப்பின் வழியே மழைநீர் உள்ளே இறங்கியிருக்கிறது. ஈரம் வெளியேற வழி தேடும். மேலே நெகிழியைப் போன்ற எமல்ஷன் படலம் தடுத்தால், அந்தப் படலத்தையே தள்ளிக்கொண்டு வரும். ஈரத்தோடு வரும் உப்பு சுவரின் மேல் வெண்பொடியாகப் பூக்கும். வண்ணத்தின் விலை எவ்வளவு உயர்ந்ததானாலும் ஓதத்தை அது குணப்படுத்தாது.

முதலில் சுவரைச் சோதியுங்கள்

ஓதம் இருக்கிறதா என்று அறிய ஒரு செலவில்லாத வழி உண்டு. இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவுள்ள பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, இரண்டு நாட்கள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறம் நீர்த்துளிகள் அரும்பினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது என்று பொருள். கசிவின் மூலத்தை அடைக்காமல் அந்தச் சுவரில் ஒரு ரூபாயும் செலவிட வேண்டாம்.

கசிவு வெளிச்சுவரிலிருந்தா, மேல்வீட்டுக் குளியலறையிலிருந்தா, சுவருக்குள் ஓடும் குழாயிலிருந்தா என்று கண்டறிய வேண்டும். மழையில் மட்டும் நனைந்தால் வெளிச்சுவர். ஆண்டு முழுவதும் நனைந்தால் பெரும்பாலும் குழாயோ குளியலறையோதான். எங்கள் வீட்டில் வெளிவெடிப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் வழியாக அடைக்கச் செய்தோம். மழை ஓய்ந்தபின் சுவரை உலரவிட்டு, சனவரியில்தான் மீண்டும் பிரஷைத் தொட்டோம். புதிதாகப் பூசிய சிமென்ட் பூச்சும் அப்படியே; அது நன்கு இறுகி உலர்ந்தபின்னரே வண்ணம் ஏற்கும்.

எந்த அறைக்கு எந்த வகை

விலை உயர்ந்ததை எல்லா இடத்திலும் பூச வேண்டியதில்லை. சிக்கனத்தின் முதல் வழியே இதுதான்.

கூரையை யாரும் தொடுவதில்லை, அழுக்கும் குறைவு. அங்கே டிஸ்டெம்பரோ குறைந்த விலை எமல்ஷனோ போதும். பரணுக்கும் பொருள் வைக்கும் அறைக்கும் இதுவே பொருந்தும். கூடம், குழந்தைகள் அறை, நடைபாதை ஆகியவற்றின் சுவர்களில் கைபடும், துடைக்க வேண்டியிருக்கும். அங்கே கழுவத்தக்க எமல்ஷன் வாங்குவது நீண்டகாலத்தில் இலாபம். டிஸ்டெம்பர் பூசிய சுவரை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் நிறமும் துணியோடு வந்துவிடும். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்குப் படியும் என்பதால் சற்றுப் பளபளப்புள்ள எமல்ஷன் ஏற்றது. மரக்கதவு, இரும்புக் கிராதி ஆகியவற்றுக்கு எனாமல்.

ஒன்றை மறவாதீர்கள்: பளபளப்பு கூடக்கூடச் சுவரின் மேடு பள்ளங்கள் தெளிவாகத் தெரியும். பழைய, சமமில்லாத சுவருக்கு மங்கலான பூச்சே அழகு. பட்டி பார்க்கும் செலவும் குறையும்.

அளந்து வாங்கினால் பாதி மிச்சம்

எவ்வளவு வண்ணம் தேவை என்பதைக் கடைக்காரரோ ஒப்பந்தக்காரரோ சொல்லும் வரை காத்திருக்க வேண்டாம். நாமே கணக்கிடலாம். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்வோம்.

நான்கு சுவர்களின் மொத்த நீளம் 44 அடி. உயரம் 10 அடியால் பெருக்கினால் 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடி கதவு ஒன்று, 4 அடிக்கு 4 அடி சன்னல்கள் இரண்டு என்றால், அவை 53 சதுர அடி. அதைக் கழித்தால் பூச வேண்டியது 387 சதுர அடி. இரண்டு பூச்சுக்கு லிட்டருக்கு 100 சதுர அடி என்று டப்பாவில் குறிப்பிட்டிருந்தால், 4 லிட்டர் போதும். கூரை 120 சதுர அடி. அதற்குத் தனியே சுமார் 1.2 லிட்டர் வெள்ளை.

இந்தக் கணக்கு கையில் இருந்தால், 10 லிட்டர் டப்பாவை வாங்கச் சொல்பவரிடம் காரணம் கேட்க முடியும். பொருளை நாமே வாங்கி, கூலியை மட்டும் பேசுவது இன்னும் நல்லது. கூலியை நாள் கணக்கில் பேசுவதா, சதுர அடிக் கணக்கில் பேசுவதா என்பதை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பூச்சு, பட்டி எத்தனை முறை, பிரைமர் உண்டா, பொருட்களை நகர்த்துவதும் தரையைத் துடைப்பதும் யார் பொறுப்பு என்பவையும் அதே தாளில் இருக்கட்டும். தண்ணீர் எவ்வளவு கலக்கலாம் என்பதும் டப்பாவில் அச்சிடப்பட்டிருக்கும். அளவுக்கு மீறிக் கலந்தால் வண்ணம் அதிகப் பரப்புக்கு வரும். ஆனால் அடியிலுள்ள நிறத்தை மறைக்காது, விரைவில் வெளுக்கும்.

நிறம் கலந்து தரும் இயந்திரத்தில் வாங்கும்போது, நிறத்தின் குறியீட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரே சுவருக்கு இரண்டு டப்பா தேவைப்பட்டால், இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்தபின் பூசுங்கள். டப்பாவுக்கு டப்பா உள்ள நுண்ணிய நிற வேறுபாடு அப்போது தெரியாது.

ஒரே சுவரிலும் மாற்றம் செய்யலாம்

முழு அறைக்கும் பணம் இல்லையா? நுழைந்தவுடன் கண்ணில் படும் ஒரு சுவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். மேலே சொன்ன அறையில் கதவு சன்னல் இல்லாத நீளச் சுவர் 120 சதுர அடிதான். இரண்டு ஒரு லிட்டர் டப்பாக்கள், ஒரு ரோலர், ஒரு பிரஷ், உப்புத்தாள், ஓரங்களுக்கு டேப், தரைக்குப் பழைய செய்தித்தாள் ஆகியவை இருந்தால், ஒரு விடுமுறை நாளில் வீட்டாரே முடித்துவிடலாம். ஓரங்களைப் பிரஷால் முதலில் பூசி, நடுவை ரோலரால் நிரப்புங்கள். முதல் பூச்சு உலர டப்பாவில் சொன்ன நேரம் வரை காத்திருந்த பின்னரே இரண்டாம் பூச்சு. அவசரப்பட்டால் ரோலரோடு முதல் பூச்சும் உரிந்து வரும்.

நிறத்தைக் கடையிலுள்ள அட்டையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரல் அகல அட்டையில் இளநிறமாகத் தெரிவது சுவர் முழுவதும் பரவும்போது அடர்ந்து தோன்றும். மிகச் சிறிய டப்பா ஒன்று வாங்கி, இரண்டு அடிச் சதுரமாகச் சுவரில் பூசிப் பாருங்கள். காலை வெயில், மாலை வெளிச்சம், இரவில் விளக்கொளி மூன்றிலும் அதைப் பார்த்தபின் தீர்மானியுங்கள். வடக்கு நோக்கிய அறைக்கு நேர்வெயில் குறைவு; அங்கே இளமஞ்சள், சந்தனம் போன்ற வெதுவெதுப்பான நிறங்கள் பொருந்தும். மேற்கு வெயில் அடிக்கும் அறைக்கு இளநீலமும் இளம்பச்சையும் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும். கூரை வெண்மையாக இருந்தால் தாழ்வான அறையும் உயர்ந்து தோன்றும், விளக்கொளியும் வீணாகாது.

முதியோருக்கும் குழந்தைகளுக்கும்

வண்ணம் அழகுக்கு மட்டுமன்று. எங்கள் வீட்டில் அம்மாவின் அறை சிறியது, வெளிச்சம் குறைவு. கண்புரை அறுவைக்குப் பிறகும் அவருக்கு இரவில் குளியலறைக் கதவு எங்கே என்று பிரித்தறிவது கடினம். சுவரும் நிலையும் கதவும் ஒரே வெளிர் நிறம். சுவரைத் தடவித் தடவித்தான் செல்வார். ஒருமுறை தடுமாறி விழவும் இருந்தார்.

இரண்டாம் முறை வண்ணம் பூசியபோது அந்த அறையில்தான் தொடங்கினோம். கூரைக்கு வெள்ளை, சுவர்களுக்கு மங்கலான இளமஞ்சள், கதவு நிலைக்கு மட்டும் அடர்ந்த பழுப்பு. குளியலறை வாசற்படியின் விளிம்பிலும் அதே பழுப்பில் ஒரு பட்டை. நிலைக்கும் படிக்கும் ஆன செலவு ஒரு சிறு டப்பா எனாமல். வீடு முழுவதற்கும் செலவிட்டதில் மிகச் சிறிய தொகை அதுதான். மிகுந்த பயன் தந்ததும் அதுதான்.

குழந்தைகள் உள்ள வீட்டில் இன்னொரு எச்சரிக்கை தேவை. வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு 2016-இல் விதி வகுத்தது. அது 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசப்பட்ட கதவு, சன்னல், கிராதி ஆகியவற்றின் எனாமலில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்தால் எழும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஈரப்படுத்தித் தேய்க்க வேண்டும். தூளை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அந்த அறைக்குள் விடக் கூடாது. புதிய டப்பா வாங்கும்போது ஈயம் பற்றிய குறிப்பைப் படித்து வாங்குங்கள்.

பணத்துக்கு வழி

வண்ணம் பூசுவது எதிர்பாராத செலவன்று; சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தே தீரும் செலவு. ஆகவே அதற்கு முன்கூட்டியே சேமிக்கலாம். முதல் முறை கடன் அட்டையை நம்பிய நாங்கள், இரண்டாம் முறை மாதம் 2,000 ரூபாய் வீதம் ஓராண்டுத் தொடர் வைப்புக் கணக்குத் தொடங்கினோம். முதிர்ந்தபோது 24,000 ரூபாயும் அதற்குரிய வட்டியும் கையில் இருந்தன. அட்டைக் கடனில் மாதம் 3 சதவீதம் வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம் ஆகிறது. வட்டி கொடுப்பதற்கும் பெறுவதற்கும் உள்ள இடைவெளியிலேயே ஓர் அறைக்கான வண்ணம் அடங்கிவிடும்.

நீர்க்கசிவைச் சரிசெய்தல், பூச்சை இடித்து மீண்டும் பூசுதல் போன்ற பெரிய வேலைகளுக்கு வீட்டுப் பழுதுபார்ப்புக் கடன்களை வங்கிகள் வழங்குகின்றன. அவற்றின் வட்டி அட்டைக் கடனைவிட மிகக் குறைவு. வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுப்பவர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் பழுதுபார்ப்புக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு கோரவும் இடமுண்டு. எனினும் ஓர் அறைக்கு வண்ணம் பூச மட்டும் கடன் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. இந்த ஆண்டு ஓர் அறை, அடுத்த ஆண்டு மற்றோர் அறை என்று வைத்துக்கொண்டால் சேமிப்பே போதும்.

தொடங்கும் முன் ஒருமுறை

கசிவு இல்லை என்று உறுதி செய்தாயிற்றா? சுவரை அளந்தாயிற்றா? மாதிரி நிறத்தை மூன்று வேளையும் பார்த்தாயிற்றா? கூலி விவரங்களை எழுதி வைத்தாயிற்றா? மழைக்காலம் முடிந்துவிட்டதா? இந்த ஐந்துக்கும் ஆம் என்று விடை வந்தபின் டப்பாவைத் திறங்கள். மிஞ்சும் வண்ணத்தை நன்கு மூடி, நிறத்தின் எண்ணை மேலே எழுதி வையுங்கள். கீறல் விழுந்த இடத்தைப் பிறகு அதைக்கொண்டே சரிசெய்யலாம்.

எங்கள் மேற்குச் சுவர் அதன்பின் இரண்டு மழைக்காலங்களைக் கண்டுவிட்டது. இன்னும் ஒரு திட்டு இல்லை. அம்மா இரவில் எழுந்தால் இப்போது சுவரைத் தடவுவதில்லை. பழுப்பு நிலையைப் பார்த்து நேராக நடக்கிறார்.