நட்சத்திரம் போடுமுன் கொஞ்சம் கணக்கு

புதுப்படம் ரிலீஸான வெள்ளிக்கிழமை மாலையில் பல வீடுகளில் இது நடக்கிறது. ஒருவர் மொபைலை எடுத்துப் படத்தின் பெயரை டைப் செய்கிறார். 10க்கு 6.1 என்று வருகிறது. "ஆறுதானாம், வேண்டாம்" என்று தீர்ப்பு சொல்லிவிடுகிறார்.

எங்கள் ஊர் அழகர்கோவில். படம் பார்க்க மதுரைக்கு 21 கிலோமீட்டர் பஸ் ஏறிப் போகிறவர்கள் நாங்கள். நாலு பேர் போய் வந்தால் டிக்கெட், இடைவேளை காபி, இரவு பரோட்டா என்று ஒரு வாரக் காய்கறிச் செலவு கரைந்துவிடும். ஆகவே அந்த 6.1 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்வது வீட்டு பட்ஜெட் சம்பந்தப்பட்ட விஷயம். நாமே விமர்சனம் எழுத உட்காரும்போது அது இன்னும் அவசியம். நாம் போடும் நட்சத்திரத்தை நம்பி இன்னொரு குடும்பம் பஸ் ஏறப் போகிறது.

ஆறு என்பது எந்த ஆறு?

முதலில் ஸ்கேல். ஆனந்த விகடன் நூற்றுக்கு மார்க் போட்டு விமர்சனம் எழுதி வந்ததை நம் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 1977இல் வந்த '16 வயதினிலே' படத்துக்கு விகடன் கொடுத்தது 62.5. அதை ஒரு பெரிய சாதனையாக இன்றும் பேசுகிறார்கள். பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில் 62.5 வாங்கி வந்தால் அப்பா கையெழுத்துப் போடுவதற்குள் நாலு கேள்வி கேட்பார். விகடனில் 40ஐத் தாண்டினாலே தைரியமாகப் போகலாம் என்று வாசகர்களுக்குத் தெரியும். எண்ணைவிட அந்தப் பழக்கம்தான் அர்த்தம் கொடுத்தது.

இதே 62ஐ ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பார்த்தால் கதையே வேறு. அது மார்க் இல்லை. நூறு விமர்சகர்களில் 62 பேர் 'பரவாயில்லை' அல்லது அதற்கு மேல் சொன்னார்கள் என்பது மட்டுமே. 60 சதவீதம் தொட்டால் சிவப்புத் தக்காளி, குறைந்தால் அழுகிய தக்காளி. பத்து விமர்சகர்களும் ஒரு படத்துக்கு 10க்கு 6 கொடுத்தால் அந்தப் படம் 100 சதவீதம் வாங்கிவிடும். இன்னொரு படத்துக்கு ஐந்து பேர் 10, ஐந்து பேர் 4 கொடுக்கிறார்கள். சராசரி 7, முதல் படத்தைவிட அதிகம். ஆனால் தக்காளிக் கணக்கில் 50 சதவீதம், அழுகல்! கணக்கில் தப்பில்லை. 'எத்தனை பேருக்குப் பிடித்தது' என்ற கேள்விக்கான பதிலை 'எவ்வளவு நல்ல படம்' என்பதற்கான பதிலாக நாம் படித்துவிடுகிறோம்.

ஐ.எம்.டி.பி. எப்படி எடை போடுகிறது?

இந்தத் தளத்தை 1990இல் கால் நீதம் என்ற பிரிட்டிஷ்காரர் சினிமாப் பட்டியலாகத் தொடங்கினார். 1998இல் அமேசான் வாங்கியது. இதன் 'டாப் 250' பட்டியலுக்கான பார்முலாவைத் தளமே வெளியிட்டிருந்தது. எளிய சராசரியை மட்டும் எடுத்தால், தயாரிப்பாளரின் மாமா, மச்சான் என்று நாற்பது பேர் 10 போட்ட படம் 'நாயகன்' படத்தையும் முந்திவிடும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பார்முலா.

ஒரு உதாரணத்தில் பார்ப்போம். எண்கள் என்னுடையவை. தளத்தில் உள்ள எல்லாப் படங்களின் சராசரி 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் 1000 கற்பனை ஓட்டுகள், ஒவ்வொன்றுக்கும் 7 மார்க் என்று முன்கூட்டியே போட்டுவிடுகிறோம். அதற்கு மேல்தான் நிஜ ஓட்டுகள். 40 பேர் ஓட்டுப் போட்டு 9.5 வாங்கிய படத்தின் மதிப்பு (40 × 9.5 + 7000) ÷ 1040, அதாவது 7.1. 20,000 பேர் ஓட்டுப் போட்டு 8.3 வாங்கிய படம் (20,000 × 8.3 + 7000) ÷ 21,000, அதாவது 8.24. மாமா மச்சான் ஓட்டு எடுபடவில்லை.

எக்ஸெல் தொகுப்பில் இதை நீங்களே செய்து பார்க்கலாம். முதல் காலத்தில் ஓட்டு எண்ணிக்கை, இரண்டாம் காலத்தில் சராசரி, மூன்றாம் காலத்தில் மேலே சொன்ன பார்முலா. (பெருக்கலுக்குப் போட வேண்டியது நட்சத்திரக் குறிதான்!) ஓட்டு எண்ணிக்கையை மட்டும் மாற்றிக்கொண்டே வாருங்கள், மதிப்பு எப்படி ஏறுகிறது என்று தெரியும்.

இந்த முறையில் ஒரு குறை உண்டு. நல்ல புத்தகமாக இருந்தும் படித்தவர்கள் குறைவு என்றால் அது அடியிலேயே கிடக்கும். எங்கள் ஊரைப் பற்றியே ஒரு புத்தகம் இருக்கிறது. தொ. பரமசிவன் எழுதிய 'அழகர் கோயில்'. அவருடைய ஆராய்ச்சிப் பட்டத்துக்கான ஆய்வு அது. 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் நூலாக வெளியிட்டது. கள்ளர், இடையர் போன்ற பல சமூகத்தாருக்கும் இந்தக் கோயிலுக்கும் என்ன உறவு, பதினெட்டாம்படிக் கருப்பசாமி ஏன் இங்கே நிற்கிறார், அழகர் ஏன் கள்ளர் வேடத்தில் மதுரைக்குப் புறப்படுகிறார் என்பதையெல்லாம் கள ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். நான் பிறந்து வளர்ந்த ஊரில் தினமும் பார்த்த விஷயங்களுக்குக் காரணம் இந்தப் புத்தகத்தில்தான் கிடைத்தது.

இப்படிப்பட்ட புத்தகத்துக்கு 12 பேர் 5 நட்சத்திரம் போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். 100 கற்பனை ஓட்டு, தளச் சராசரி 4 என்றால், இதன் மதிப்பு 4.11. 3000 பேர் 4.3 போட்ட பிரபல நாவலின் மதிப்பு 4.29. நாவல் மேலே, இது கீழே. ஆனால் இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் புதிதாக ஒரு 5 போட்டால் நாவலின் மதிப்பு ஏறுவதைவிட இந்தப் புத்தகத்தின் மதிப்பு முப்பது மடங்குக்கு மேல் ஏறுகிறது. சூப்பர் ஹிட் படத்துக்கு எழுதும் பத்தாயிரமாவது விமர்சனத்தைவிட, யாரும் எழுதாத புத்தகத்துக்கு எழுதும் பதின்மூன்றாவது விமர்சனத்துக்கு வேலை அதிகம்.

சராசரி மறைப்பது

சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008இல் வந்தது. மதுரையின் அறுநூறு ஆண்டு வரலாற்றை ஆயிரம் பக்கங்களுக்கு மேல் சொல்லும் நாவல். எஸ். ராமகிருஷ்ணன் அதைக் கடுமையாக மறுத்து எழுதினார். ஜெயமோகன் உயர்வாக மதிப்பிட்டு நீளமாக எழுதினார். பிறகு 2011ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. அதன் ஒரு பகுதியை வைத்து வசந்தபாலன் இயக்கிய 'அரவான்' 2012இல் வந்தது.

ஐந்து பேர் 5, ஐந்து பேர் 1 போட்டால் சராசரி 3. பத்துப் பேரும் 3 போட்டாலும் சராசரி 3. முதல் வகைப் புத்தகம் சண்டை மூட்டுகிறது, இரண்டாவது தூக்கம் வரவழைக்கிறது. சராசரியில் இரண்டும் ஒன்றுதான்! எக்ஸெல்லில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் கண்டுபிடித்தால் முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 0 என்று வித்தியாசம் தெரிந்துவிடும். தளங்களில் அந்த வசதி இல்லாவிட்டாலும், நட்சத்திரங்களுக்குப் பக்கத்தில் உள்ள பட்டைப் படத்தைப் பாருங்கள். இரண்டு முனையும் நீண்டு நடு குட்டையாக இருந்தால் விமர்சனங்களைப் படிக்காமல் முடிவு செய்யாதீர்கள். நான் அப்போதெல்லாம் 2 மற்றும் 4 நட்சத்திர விமர்சனங்களைத்தான் முதலில் படிப்பேன். அவற்றில்தான் காரணம் எழுதியிருப்பார்கள்.

காலமும் எண்ணை மாற்றும். 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது தியேட்டரில் சரியாகப் போகவில்லை. இன்று ஐ.எம்.டி.பி.யின் சிறந்த இந்தியப் படங்களின் வரிசையில் முன்னால் நிற்கிறது. படம் ஒன்றுதான், ஓட்டுப் போடும் கூட்டம் வேறு. பல ஆண்டுகளுக்குப் பிறகு தேடிப் பிடித்துப் பார்ப்பவர்களில் பிடித்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

பொய் விமர்சனங்கள் பற்றி நிறையச் சொல்லலாம், இங்கே சுருக்கமாக. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஆன்லைன் விமர்சனங்களுக்கென்றே ஐ.எஸ். 19000 என்ற தரத்தை வெளியிட்டது. அமேசான் வெறும் சராசரி எடுப்பதில்லை. விமர்சனம் எவ்வளவு புதியது, பொருளை வாங்கியவர்தான் எழுதினாரா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் நட்சத்திரத்தைக் கணக்கிடுகிறது. படம் வெளியான மூன்று நாட்களுக்கு விமர்சனமே கூடாது என்று தமிழ்த் தயாரிப்பாளர்கள் 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். அப்படித் தடை விதிக்க நீதிமன்றம் மறுத்தது. சரியான முடிவு என்பது என் கருத்து. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறவருக்குத் திங்கட்கிழமை விமர்சனத்தால் என்ன பயன்?

நீங்கள் எழுதும்போது

எதற்கு நட்சத்திரம் போடுகிறோம் என்பதில் தெளிவாக இருங்கள். கூரியர் தாமதமாக வந்ததற்குப் புத்தகத்துக்கு 1 போடுபவர்கள் உண்டு. குரங்கு பையைப் பறித்ததற்கு அழகர் என்ன செய்வார்? தியேட்டர் ஏசி வேலை செய்யாததைத் தியேட்டருக்கான பகுதியில் எழுதுங்கள்.

புத்தகம் என்றால் எந்தப் பதிப்பு என்று பார்த்து, ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். ஒரே புத்தகத்தின் இரண்டு பதிப்புகள் தனித்தனியாகப் பதிவாகியிருந்தால் ஓட்டுகள் பிரிந்துவிடும். ஏற்கெனவே குறைவான ஓட்டு உள்ள புத்தகத்துக்கு இது பெரிய நஷ்டம்.

பெயர் எழுதும் முறையிலும் கவனம் தேவை. எங்கள் ஊரை 'அழகர்கோவில்' என்று சேர்த்து எழுதுகிறோம். தொ.ப. புத்தகத்தின் தலைப்பு 'அழகர் கோயில்'. மனிதருக்கு இரண்டும் ஒன்று. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் தேடல் புரோகிராமுக்கு 'வி' வேறு, 'யி' வேறு, நடுவில் உள்ள இடைவெளியும் ஒரு எழுத்து. எனவே தலைப்பை அட்டையில் உள்ளபடியே எழுதி, விமர்சனத்துக்குள் வழக்கில் உள்ள மற்ற வடிவத்தையும் ஒருமுறை கொண்டு வாருங்கள். யூனிகோட் எழுத்துருவில் டைப் செய்யுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ்99 கீபோர்டு உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸ் பகுதியில் மொழியாகத் தமிழைச் சேர்த்து, கீபோர்டு பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும். பழைய எழுத்துரு ஒன்றில் டைப் செய்து வைத்த விமர்சனம் உங்களிடம் இருந்தால், அதை யூனிகோடுக்கு மாற்றிய பிறகே தளத்தில் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் படிப்பவருக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.