கணினியின் கடைசிக் குரல்

இயங்கிக்கொண்டிருக்கும் கணினி திடீரென உறைந்துபோகிறது. திரை அசையவில்லை, விசைப்பலகையைத் தட்டினாலும் பயனில்லை. அவ்வேளையில், தனக்கு என்ன நேர்ந்தது என்பதைக் கணினி எவ்வாறு தெரிவிக்கும்? தொடர்வாயில் எனப்படும் சீரியல் போர்ட் அதற்கு உதவுகிறது.

தொடர்வாயில் மிகப் பழைய தொடர்பு வழியாகும். அதற்கான ஆர்.எஸ்-232 என்னும் தரவிதி 1960இல் உருவானது. ஒற்றையடிப் பாதையில் நடப்போரைப் போல, தரவுகள் இதில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஓர் எழுத்தை அனுப்ப வழக்கமாக 10 பிட்டுகள் தேவை. தொடக்கத்தைக் காட்ட ஒன்று, தரவுக்கு எட்டு, முடிவைக் காட்ட ஒன்று. ஆகவே, நொடிக்கு 9600 பிட்டுகள் செல்லும் கம்பியில் 960 எழுத்துகளை அனுப்பலாம்.

இவ்வாயிலை மேற்பார்வையிடுவது கெர்னல் ஆகும். இயங்குதளத்தின் கருப்பகுதியாகிய இது, வன்பொருளோடு நேரடியாகத் தொடர்புகொள்கிறது. எழுத்து வந்துவிட்டதா என்பதை அறியக் கெர்னலுக்கு இரண்டு வழிகள் உள்ளன. விருந்தினரை எதிர்பார்த்து அடிக்கடி வாசலை எட்டிப் பார்ப்பது போன்றது முதல் வழி. இதனால் நேரம் வீணாகும். அழைப்புமணி ஒலித்ததும் கதவைத் திறப்பது போன்றது இரண்டாம் வழி. இந்த மணியோசையைக் ‘குறுக்கீடு’ என்பர். மணி ஒலிக்கும்வரை கெர்னல் மற்றப் பணிகளைக் கவனிக்கலாம்.

ஆயினும், மணி ஒலித்த பிறகு தாமதிக்கக் கூடாது. தொடக்கக்காலத்து 8250 என்னும் சில்லு, வந்த எழுத்துகளில் ஒன்றை மட்டுமே கெர்னலுக்காக வைத்திருக்கும். அதை எடுப்பதற்குள் அடுத்த எழுத்து வந்து சேர்ந்தால், முந்தையது அழிந்துவிடும். பின்னர் வந்த 16550 வகைச் சில்லில் 16 எழுத்துகள் காத்திருக்க இடமுண்டு. எனினும், குறுக்கீட்டைக் கையாளும் நிரல் சுருக்கமாகவே இருத்தல் வேண்டும். அது வந்த எழுத்தை எடுத்து, நினைவகத்தில் உள்ள வரிசையில் சேர்த்துவிட்டு உடனே திரும்பிவிடும். அவ்வெழுத்தை ஆராயும் பணி பிறகு நடைபெறும்.

கெர்னலே பழுதடைந்துவிட்டால் என்ன செய்வது? திரையில் எழுத்தைக் காட்டப் பல நிரல்கள் ஒத்துழைக்க வேண்டும். குறுக்கீடுகளையும் அப்போது நம்ப முடியாது. எனவே, கெர்னல் முதல் வழிக்கே திரும்புகிறது. சில்லின் நிலையைப் பார்க்கிறது, இடம் காலியானதும் ஓர் எழுத்தை வைக்கிறது, மீண்டும் பார்க்கிறது. முன்கூட்டியே கம்பியால் இணைக்கப்பட்ட மற்றொரு கணினி, அவ்வெழுத்துகளைப் பெற்றுப் பதிவு செய்கிறது. நிரலர்கள் அப்பதிவைப் படித்துப் பிழை எங்கே நிகழ்ந்தது என்பதைத் தேடுகின்றனர்.

வேகத்தில் தொடர்வாயில் இன்றைய கருவிகளுக்கு ஈடாகாது. இருப்பினும், அதன் எளிமையே அதன் வலிமை. மற்ற வழிகள் அடைபடும்போதும் அது கைகொடுப்பதால், இயங்குதளங்களை உருவாக்குவோர் இன்றும் அதைக் கைவிடவில்லை.