பார்த்தவருக்கும் அடிதான்

குரும்பலூர் பெரம்பலூர் – துறையூர் சாலையில் இருக்கிறது. டவுன் பஸ், டிராக்டர், மணல் லாரி, காலேஜுக்குப் போகும் பிள்ளைகளின் பைக் எல்லாம் அந்த ஒரே சாலையில்தான். மக்காச்சோள அறுவடை வந்தால் மாவட்டத்தின் பல ஊர்களில் சாலையில் பாதி களமாகிவிடும். கிழக்கே போனால் சென்னை – திருச்சி நான்குவழிச் சாலை. அதையும் தாண்டினால் அரியலூரின் சுண்ணாம்புக்கல் லாரிகளும் சிமெண்ட் லாரிகளும். ஒரு விபத்தையும் கண்ணால் பார்க்காமல் வளர்வது இந்த வட்டாரத்தில் கஷ்டம்.

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். அவற்றில் இறந்தவர்கள் 17,884 பேர். அந்தச் சாவுகளில் பெரும்பாலானவற்றைப் பக்கத்தில் நின்று யாராவது பார்த்திருப்பார்கள். பஞ்சர் கடைக்காரர், டீ குடிக்க நின்றவர், பஸ்ஸில் முன்சீட்டில் குழந்தையோடு உட்கார்ந்திருந்த அம்மா. அவர்களுக்கு ஓ.பி. சீட்டு யாரும் எழுதுவதில்லை. போலீஸ் கேட்டால் சாட்சி, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

கண் மூடினால் அதே இடம்

நேரில் ஒரு சாவைப் பார்த்தவருக்கு முதல் சில நாட்கள் எப்படிப் போகும் என்பது ஊரில் பலருக்குத் தெரியும். சாப்பிட உட்கார்ந்தால் குமட்டும், கறிக்குழம்பு பக்கமே போக முடியாது. தூக்கம் வரும் நேரத்தில் பிரேக் சத்தம் கேட்கும். நடந்தது முழுசாக நினைவுக்கு வராது. ஒற்றைச் செருப்பு, உடைந்த கண்ணாடி, டீசல் வாடை என்று துண்டு துண்டாக, கூப்பிடாமலே வரும்.

பேராபத்தைக் கண்டதும் உடம்பில் அட்ரினலின் பாய்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கை வியர்க்கிறது. மூளை அந்த நேரத்தில் நடந்ததைக் கோர்வையாக வாங்கிக்கொள்ளாமல், கண்டதையும் கேட்டதையும் பயத்தோடு சேர்த்துப் பதிந்துகொள்கிறது. அதனால்தான் மூன்றாம் நாள் சம்பந்தமே இல்லாமல் ஒரு லாரி ஹாரன் அடித்தாலும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டியதில்லை. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இதைவிடக் கொடியது குற்ற உணர்ச்சி. “நான் ஒரு சத்தம் போட்டிருந்தா அந்தப் பையன் நின்னிருப்பானே” என்று ஒருவர் மாதக்கணக்கில் தன்னையே தின்றுகொண்டிருப்பார். வெளியே யாருக்கும் தெரியாது.

குழந்தைகள் இதை வாயால் சொல்ல மாட்டார்கள். பொம்மை வண்டிகளை மோதவிட்டு மோதவிட்டு விளையாடுவார்கள். படுக்கையை நனைக்கும் பழக்கம் நின்றுபோன பிள்ளை திரும்ப நனைக்கும். அம்மாவின் முந்தானையை விடாது. அதற்கெல்லாம் அடிக்கவும் திட்டவும் கூடாது.

டிக்கன்ஸுக்கு வந்த நடுக்கம்

மனசு திடமாக இருந்தால் இதெல்லாம் வராது என்பார்கள். அப்படியில்லை. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1865 ஜூன் 9 அன்று போன ரயில், இங்கிலாந்தின் ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே, வேலை நடந்துகொண்டிருந்த ஒரு பாலத்தில் தடம் புரண்டது. 10 பேர் இறந்தார்கள். பெரிய அடி எதுவும் படாத டிக்கன்ஸ் இறங்கிப் போய், தன் தொப்பியில் தண்ணீர் மொண்டு அடிபட்டவர்களுக்குக் கொடுத்தார். சிலர் அவர் கண் முன்னாலேயே இறந்தார்கள். அன்று நிதானமாக வேலை செய்த மனிதர்தான். அதன் பிறகு அவருக்குக் கொஞ்ச நாள் குரலே எழவில்லை. பிந்தைய ஆண்டுகளில் ரயில் வேகமெடுத்தாலே நடுங்கினார், முடிந்தவரை வேக ரயில்களைத் தவிர்த்தார். இந்த நோய்க்கு இன்றுள்ள பெயர் அப்போது இல்லை. ‘பி.டி.எஸ்.டி.’ (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் பெயர் மனநல மருத்துவக் கையேட்டில் ஏறியதே 1980-இல்தான்.

நம் பக்கத்திலும் ஒரு ரயில் விபத்து உண்டு. 1956 நவம்பர் 23 அன்று அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் விழுந்து நூற்று நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லாரும் ஒப்பிப்பார்கள். கரையில் நின்று பார்த்தவர்களைப் பற்றி எந்தத் தேர்விலும் கேள்வி வராது.

கணக்கு ஒரு மாதம்

இனி நல்ல செய்தி. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நூற்றுக்கு எழுபது பேர் வாழ்நாளில் ஒரு தடவையாவது மனத்தை உலுக்கும் ஒரு சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் பி.டி.எஸ்.டி. வருவது நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான். மற்றவர்களுக்கு நாள் ஆக ஆக, மனிதத் துணையோடு தானாகவே ஆறிவிடுகிறது.

ஆறுகிறதா என்று பார்க்க ஒரு மாதம் போதும். அதற்குப் பிறகும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்தச் சாலையையே சுற்றிப் போவது, எரிந்து விழுவது, யாரோடும் ஒட்டாமல் மரத்துப்போவது எல்லாம் தொடர்ந்து, வேலையும் குடும்பமும் கெட்டால் அது நோய். மருத்துவரிடம் போக வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் மட்டும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

சிலருக்கு ஆபத்து கூடுதல். இறந்தவர் சொந்தமாகவோ நண்பராகவோ இருந்தால், முன்பே வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்திருந்தால், ஆறுதலுக்கு ஆளில்லாவிட்டால். 108 ஆம்புலன்ஸ் ஊழியர்கள், போக்குவரத்துக் காவலர்கள், பிணவறைப் பணியாளர்கள் இதை வாரம் தவறாமல் பார்க்கிறார்கள். “பழகிப்போச்சு சார்” என்று அவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை.

முதல் வாரத்தில் என்ன செய்யலாம்

பார்த்தவரை அந்த இடத்திலிருந்து தள்ளி உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுத்து, வீட்டுக்குத் தகவல் சொல்லி, தனியாக வண்டி ஓட்ட விடாமல் கொண்டுபோய் விடுங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் “எப்படிடா ஆச்சு, தலையிலயா அடி?” என்று கேட்டுக்கேட்டுச் சொல்லவைப்பது புண்ணைக் கிளறுவதுதான். உடனடியாக எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையால் பயன் இல்லை என்று மருத்துவ வழிகாட்டுதல்களே அதைக் கைவிட்டுவிட்டன.

தூக்கம் வரவில்லை என்று டாஸ்மாக் பக்கம் போவது பெரிய தப்பு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் அப்படித்தான். முதல் மாதத்தில் இதற்காக பென்சோடயாசிபைன் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது. வழக்கமான வேலை, வேளாவேளைக்குச் சாப்பாடு, பக்கத்தில் ஒரு ஆள், இவை போதும்.

பிள்ளை பயந்துவிட்டான் என்று மந்திரித்துத் திருநீறு போடுகிறார்கள். அதில் எனக்குச் சண்டை இல்லை. பாட்டி மடியில் போட்டுத் தடவிக்கொடுப்பது நல்லதுதான். ஆனால் அகால மரணம் நடந்த புளியமரத்தில் ஆவி உட்கார்ந்திருக்கிறது என்று கதை கட்டினால், அந்தப் பிள்ளை அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போவது எப்படி?

விபத்துக் காட்சியைப் போனில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்களுக்கு: அந்தக் குரூப்பில் இறந்தவரின் தங்கச்சி இருக்கலாம்.

கை கொடுக்கப் பயந்தவர்கள்

“பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்” என்ற உறுத்தல்தான் பலரை ரொம்ப நாள் வாட்டுகிறது. கை கொடுத்தால் கோர்ட்டு, கேஸ் என்று அலைய வேண்டும் என்ற பயம். இன்று அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. உதவுபவர்களைக் காக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016-இல் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. தைரியமாக 108-ஐக் கூப்பிடுங்கள், போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அவர் பிழைக்காமல் போனாலும் உங்களுக்கு அந்த உறுத்தலாவது இருக்காது.

எங்கே போவது

பி.டி.எஸ்.டி.க்கு வைத்தியம் உண்டு. அந்த நினைவை மருத்துவரின் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சைதான் முதல் வழி. தேவைப்பட்டால் செர்ட்ரலின் போன்ற மாத்திரைகளும் தருவார்கள். பல வருஷத்துக்கு முன் பார்த்த விபத்தாக இருந்தாலும் பலன் கிடைக்கும். தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. பெரம்பலூர் அரசுத் தலைமை மருத்துவமனையில் விசாரித்தாலே வழி சொல்வார்கள். மனநல டாக்டரிடம் போனால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்குகிறவர்கள் வீட்டிலிருந்தே 14416-ஐக் கூப்பிடலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம், காசு கிடையாது.