24 நாளும் பரிசு... ஜாலியா, ஜாஸ்தியா?

குழந்தைகளே, போன டிசம்பரில் எங்கள் வீட்டில் ஒரு பெரிய சண்டை. சண்டை போட்டவர்கள் என் பேத்தியும் பேரனும். நாட்டாமை நான்!

"பாட்டி, என் ஃப்ரெண்டு வீட்டில் ஒரு அட்டைக் காலண்டர் வாங்கியிருக்காங்க. அதில் 24 குட்டிக் கதவு. டிசம்பர் 1-ஆம் தேதியிலிருந்து தினம் ஒரு கதவைத் திறந்தால் உள்ளே ஒரு சாக்லேட்! அப்புறம் ஸ்கூலில் ரகசிய நண்பர் பரிசு. சர்ச்சில் கிறிஸ்துமஸ் தாத்தா பரிசு. கிறிஸ்துமஸ் அன்னிக்குப் புது டிரஸ். எவ்வளவு ஜாலி!" என்றாள் பேத்தி.

"அதெல்லாம் ரொம்ப ஓவர். பண்டிகை ஒரு நாள்தானே? அதுக்கு எதுக்கு 24 நாள் பரிசு? எல்லாம் கடைக்காரங்க வேலை!" என்றான் பேரன்.

"பாட்டி, நீங்களே சொல்லுங்க" என்று இருவரும் என் முன்னால் வந்து நின்றார்கள்.

நான் உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் நான் டீச்சராக இருந்தபோது நடந்த ஒன்றைச் சொன்னேன். அதற்கு முன்னால் ஒரு பழைய கதையையும் சொன்னேன். அவற்றை உங்களுக்கும் சொல்கிறேன். தீர்ப்பை நீங்களே எழுதுங்கள்.

ஷூவுக்குள் பரிசு!

கிறிஸ்துமஸுக்கு முன்பே பரிசு கொடுக்கும் பழக்கம் நேற்று வந்தது அல்ல. 4-ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கி நாட்டில் இருக்கும் மைரா என்ற ஊரில் நிக்கோலஸ் என்றொரு ஆயர் இருந்தார். ஓர் ஏழைத் தந்தைக்கு மூன்று பெண்கள். திருமணம் செய்து வைக்கக் கையில் காசில்லை. இரவு நேரத்தில், யாருக்கும் தெரியாமல், அந்த வீட்டுக்குள் பொற்காசு முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனாராம் நிக்கோலஸ். இது அவரைப் பற்றிக் காலம் காலமாகச் சொல்லப்படும் கதை.

அவருடைய திருநாள் டிசம்பர் 6. அதற்கு முந்தின நாள் மாலை, அதாவது டிசம்பர் 5-ஆம் தேதி, நெதர்லாந்து நாட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். நிக்கோலஸை அவர்கள் 'சின்டர்கிளாஸ்' என்பார்கள். அந்த நாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே, சில இரவுகளில் குழந்தைகள் தங்கள் ஷூவைக் கணப்பு அடுப்பின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போவார்கள். ஷூவுக்குள் ஒரு கேரட் இருக்கும். அது சின்டர்கிளாஸ் ஏறி வரும் வெள்ளைக் குதிரைக்கு! காலையில் பார்த்தால் கேரட் போயிருக்கும். அந்த இடத்தில் ஒரு சின்ன மிட்டாயோ பொம்மையோ இருக்கும்.

இந்த 'சின்டர்கிளாஸ்' என்ற பெயர்தான் அமெரிக்காவுக்குப் போய்ச் 'சான்டா கிளாஸ்' ஆனது.

பேத்தி சொன்ன 24 கதவுக் காலண்டர் எங்கே பிறந்தது தெரியுமா? ஜெர்மனியில். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே சில வீடுகளில் கதவில் சாக்பீஸால் 24 கோடு போட்டு வைப்பார்களாம். தினம் ஒரு கோட்டைக் குழந்தைகள் அழிக்க வேண்டும். கோடு தீர்ந்தால் கிறிஸ்துமஸ்! பார்த்தீர்களா? அதில் சாக்லேட்டும் இல்லை, பொம்மையும் இல்லை. காத்திருப்பதுதான் அதன் சந்தோஷம். சாக்லேட்டெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை.

பழவேற்காட்டுத் துணியும் நிக்கோலஸ் பிஸ்கட்டும்

"நெதர்லாந்துக்கும் பழவேற்காட்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? இருக்கிறது!

சென்னைக்கு வடக்கே, தமிழ்நாடும் ஆந்திராவும் பங்கு போட்டுக்கொள்ளும் பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி இதுதான். ஏரிக்கு அந்தப் பக்கம் வங்கக் கடல்.

நெதர்லாந்துக்காரர்களை நாம் டச்சுக்காரர்கள் என்போம். அவர்கள் 400 ஆண்டுகளுக்கு முன்பு பழவேற்காட்டுக்கு வந்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு 1690 வரை இதுதான் தலைமை இடம். கோட்டை இன்று இடிந்து மேடாகிவிட்டது. ஆனால் அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிலைகள் நிற்கும். சுற்றுலா கூட்டிப் போனால், என் வகுப்புப் பிள்ளைகள் அங்கே மட்டும் என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார்கள்!

டச்சுக்காரர்கள் இங்கே வந்தது எதற்கு? துணிக்கு! நம் நெசவாளர்கள் நெய்த துணிகளை வாங்கி, கப்பலில் ஏற்றி, இந்தோனேசியத் தீவுகளுக்குக் கொண்டு போவார்கள். அங்கே துணியைக் கொடுத்துக் கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி வாங்குவார்கள். அந்த வாசனைச் சரக்கு நெதர்லாந்து போய்ச் சேரும். சின்டர்கிளாஸ் நாளில் டச்சுப் பிள்ளைகள் தின்னும் பிஸ்கட்டுகளில் பட்டையும் கிராம்பும் ஜாதிக்காயும் மணக்கும். அந்த மணத்துக்குப் பின்னால் நம் ஊர் தறியும் இருந்தது என்று நினைத்தால் பெருமையாக இல்லையா?

படத்தில் ஒரு பையன் அழுகிறான்

பழவேற்காட்டில் டச்சுக் கொடி பறந்துகொண்டிருந்த அதே காலத்தில், 1665-க்கும் 1668-க்கும் இடையே, யான் ஸ்டேன் என்ற டச்சு ஓவியர் ஒரு படம் வரைந்தார். பெயர், 'புனித நிக்கோலஸ் திருநாள்'. ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

படத்தில் ஒரு வீடு. நடுவில் ஒரு குட்டிப் பெண். அவள் கைநிறையப் பொம்மையும் தின்பண்டமும்! முகமெல்லாம் சிரிப்பு. இடது பக்கம் அவள் அண்ணன் கண்ணைக் கசக்கி அழுதுகொண்டிருக்கிறான். ஏன்? அவன் ஷூவில் பரிசு இல்லை. ஒரு குச்சிதான் இருந்தது! "நீ சமர்த்தாக இல்லை" என்று அதற்கு அர்த்தம். இன்னொரு குட்டித் தம்பி அவனைக் கைகாட்டிச் சிரிக்கிறான்.

ஆனால் பின்னால் பாருங்கள்! ஒரு பாட்டி திரைக்குப் பக்கத்தில் நின்று, "இங்கே வாடா கண்ணு" என்பதுபோல அவனைக் கூப்பிடுகிறார். திரைக்குப் பின்னால் அவனுக்கும் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது.

இந்தப் படத்தை நான் முதன்முதலில் ஒரு புத்தகத்தில் பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அதே பையனை நான் என் வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

பசியாவரத்துப் பையன்

பழவேற்காட்டு ஊருக்கு எதிரே, தண்ணீருக்கு நடுவில் இருக்கும் மீனவக் கிராமம் பசியாவரம். எவ்வளவு அழகான பெயர்! பிரித்துப் படித்தால் 'பசியா வரம்'. பசியே வராத வரம்! அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து என் வகுப்புக்குப் பிள்ளைகள் வருவார்கள். அந்தக் காலத்தில் படகில்தான் ஏரியைக் கடக்க வேண்டும். மழை வலுத்தால் வருகைப் பதிவேட்டில் பாதிப் பேருக்கு 'ஆப்சென்ட்' விழும்.

20 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு டிசம்பர். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் "ரகசிய நண்பர் விளையாட்டு விளையாடலாம் டீச்சர்" என்றார்கள். எல்லார் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கினோம். யார் பெயர் வருகிறதோ, அவருக்கு ரகசியமாகப் பரிசு தர வேண்டும். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

என்ன விலைக்கு வாங்கலாம் என்று நான் சொல்லவில்லை. அதுதான் நான் செய்த தப்பு.

பரிசு கொடுக்கும் நாள் வந்தது. ஒரு பெண் காந்தம் வைத்த பென்சில் பாக்ஸ் கொண்டு வந்தாள். இன்னொருவன் கைக்கடிகாரமே கொண்டு வந்தான்! சிலர் நாலு ரூபாய் பேனா கொண்டு வந்து, அதை வெளியே எடுக்கவே கூச்சப்பட்டார்கள். பசியாவரத்துப் பையன் ஒருவன் அன்று வரவே இல்லை. நன்றாகப் படிக்கிற பையன். ஒருநாளும் மட்டம் போடாதவன்.

மாலையில் படகேறி அவன் வீட்டுக்குப் போனேன். புயல் எச்சரிக்கையால் ஒரு வாரமாக அவன் அப்பா தொழிலுக்குப் போகவில்லை. வலை திண்ணையில் காய்ந்துகொண்டிருந்தது. "வயித்து வலின்னு சொல்றான் டீச்சர்" என்றார் அம்மா. நான் அவனுக்கு வந்த பரிசை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க டீச்சர். எங்கிட்டத் திருப்பிக் குடுக்க ஒண்ணுமில்ல" என்றான்.

திரும்பிப் படகில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்துக்காக வைத்த விளையாட்டில் ஒரு குழந்தையின் ஷூவில் நானே குச்சியை வைத்துவிட்டேனே!

ஏரி சொல்லிக் கொடுத்த பாடம்

அப்போது அந்த மீனவர்களின் வழக்கம் ஒன்று நினைவுக்கு வந்தது. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறாலும் மீனும் கிடைப்பதில்லை. நல்ல இடத்தை ஒருவரே பிடித்துக்கொண்டால் மற்றவர் கதி? அதனால் பழவேற்காட்டு மீனவ ஊர்கள் சிலவற்றில் 'பாடு' என்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். இன்று சுமாரான இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் நல்ல இடம்!

நானும் சீட்டுத்தான் போட்டேன். ஆனால் சீட்டு மட்டும் போதாது. எல்லாருக்கும் பொதுவான ஒரு கட்டுப்பாடும் வேண்டும். அது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அடுத்த ஆண்டு டிசம்பரில் மறுபடி சீட்டுக் குலுக்கினோம். இந்த முறை ஒரே விதி: கடையில் வாங்கக் கூடாது. கையால் செய்ய வேண்டும், அல்லது ஏரிக்கரையில் கிடைப்பதாக இருக்க வேண்டும். கூடவே அந்த நண்பரைப் பற்றி நாலு வரி வேடிக்கைப் பாட்டும் எழுத வேண்டும். இந்தப் பாட்டு யோசனை டச்சுக்காரர்களுடையது! சின்டர்கிளாஸ் மாலையில் பல வீடுகளில் பெரியவர்கள் சீட்டெடுத்து, ஒருவர் ஒருவருக்கு மட்டும் பரிசும், கிண்டல் பாட்டும் தருவார்கள். எழுதியவர் பெயர் இருக்காது.

அந்த ஆண்டு பசியாவரத்துப் பையன்தான் முதல் ஆளாக வந்தான். நைலான் நூலில் சின்னச் சின்னச் சிப்பிகளைக் கோத்து ஒரு வாசல் தோரணம்! காற்றடித்தால் கிணுகிணு என்று சத்தம். போன ஆண்டு கைக்கடிகாரம் கொண்டு வந்த பையன், "டீச்சர், என் சீட்டை மாத்திக்கலாமா? எனக்கு அந்தத் தோரணம் வேணும்" என்று கெஞ்சினானே பார்க்கலாம்! வகுப்பில் யாருக்கும் அன்று வயிற்று வலி இல்லை.

தட்டு காலியாகத் திரும்பாது

நம் ஊர்களிலும் பண்டிகைக்கு முன்னும் பின்னும் கொடுக்கிற பழக்கம் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கேக்கும் அதிரசமும் முறுக்கும் வைத்த தட்டைத் துணியால் மூடி, பக்கத்து வீடுகளுக்கு உங்களைத்தானே கொடுத்து அனுப்புவார்கள்? தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அந்த வீடுகளிலிருந்து தட்டு வரும். வந்த தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று நம் பாட்டிமார் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டு அனுப்புவார்கள். ஒரு பிடி சர்க்கரை எல்லா வீட்டிலும் இருக்கும். திருப்பித் தர முடியாமல் யாரும் கூனிக் குறுக வேண்டியதில்லை. எத்தனை நுட்பமான யோசனை!

டிசம்பர் நம் கடற்கரைக்கு மழை, புயல் மாதம். 2023-இல் 'மிக்ஜாம்' புயல் கரையைக் கடந்தது டிசம்பர் 5-ஆம் தேதி. டச்சுப் பிள்ளைகள் பரிசு பிரிக்கும் அதே நாள்! அந்த வாரம் சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் எத்தனையோ வீடுகளில் வெள்ளம் புகுந்தது. அப்போது ஒரு சோற்றுப் பொட்டலமும் காய்ந்த போர்வையும்தான் பெரிய பரிசு. நிக்கோலஸ் பொற்காசு போட்டதும், இல்லாத வீட்டில்தானே?

சரி, தீர்ப்பு?

இத்தனையும் கேட்டுவிட்டு என் பேத்தியும் பேரனும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஒரு பழைய காலண்டர் அட்டையில் 24 கட்டம் போட்டார்கள். ஆளுக்கு 12 கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. 'தாத்தாவின் கண்ணாடியைத் துடைத்து வை', 'பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு கதை சொல்', 'உன் சாக்லேட்டில் பாதி எனக்கு' என்று எழுதினார்கள். கடைசிச் சீட்டு பேரன் எழுதியது. ஆனாலும் நியாயமானதுதான்!

செலவு, காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஒட்டிய பசைக்கு மட்டும். 24 நாளும் ஜாலி. ஜாஸ்தி இல்லை.

நீங்களும் உங்கள் வகுப்பில் ரகசிய நண்பர் விளையாடப் போகிறீர்களா? சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். இந்த வாரம் யாருடைய அப்பா தொழிலுக்குப் போகவில்லையோ, அந்தப் பிள்ளையாலும் தர முடிகிற பரிசு எது என்று யோசியுங்கள். அதுதான் உங்கள் விதி. அந்த விதிக்குள் நாலு நாள் கொண்டாடினாலும் சரி, நாற்பது நாள் கொண்டாடினாலும் சரி, இந்த டீச்சருக்குச் சம்மதம்!